அசல் தகடும் போலித் தகடும்

யாம் ஆங்கில நாட்டில் வசித்த காலத்து, பழைய எம்.ஜி.பி. ஸ்போர்ட்ஸ் மோட்டார் வண்டியொன்றை வாங்கினோம். 1962 முதல் 1980 வரை அபிங்டன் நகரில் செய்யப்பட்டுவந்த கூரையற்ற வண்டி அது. வாங்கிய பின்னரே துருவின் லீலை புலப்பட்டது. இடப்பக்கத்து முன் மட்கார்டும், கதவின் கீழே பெட்டிபோல் ஓடும் ‘சில்’ என்னும் தகடும் அரித்துப்போயிருந்தன.

கடையில் இருவகைத் தகடுகள் இருந்தன. ஒன்று, பழைய தொழிற்சாலை அச்சுகளிலேயே அழுத்திச் செய்தது. அவ்வச்சுகளைக்கொண்டே பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனத்தார் 1988இல் இவ்வண்டியின் முழுவுடலையும் மீண்டும் செய்யத் தொடங்கினர். மற்றொன்று, பார்த்துச் செய்த போலி. விலையோ மிக மலிவு.

எம் கைப்பொருள் சிறிது. ஆதலின் மட்கார்டைப் போலியாகவே கொண்டோம். பொருத்திப் பார்க்க, கதவிற்கும் அதற்கும் இடையே மேற்புறம் விரல் நுழைந்தது. கீழ்ப்புறம் காகிதமும் நுழையவில்லை. மூன்று நாள் அரமும் சுத்தியுமாய் உழன்றோம். விற்றவரிடம் முறையிட்டபோது, “அசலும் சற்றுத் தட்டினால்தான் பொருந்தும்” என்று நகைத்தார். அதிலும் உண்மை உண்டென்பதைப் பின்னர் அறிந்தோம்.

சில்லின் திறத்தில் யாம் அவ்வாறு துணியவில்லை. மட்கார்டு திருகாணிகளாற் பூட்டப்படுவது, பிழைபட்டாற் கழற்றிவிடலாம். சில்லோ பற்றவைக்கப்படுவது. அன்றியும், இவ்வண்டிக்குத் தனிச்சட்டம் இல்லை; உடலே சட்டம். சில் வலுவிழப்பின் வண்டி நடுவே தொய்யும். கதவும் சரிவரச் சாத்தாது. ஆகவே அம்மாதச் செலவைச் சுருக்கி அசலையே வாங்கினோம்.

வண்டியைக் காண வந்த நண்பரையெல்லாம் வலப்பக்கமாகவே அழைத்துச் செல்வது எம் வழக்கமாயிற்று.