தியலுமைக்குப் போகும் வழியில்

பாடசாலை விடுமுறை வந்தால் "மவ்லவி, பதுளைப் பக்கம் பிள்ளைகளுக்குக் காட்ட என்ன இருக்கிறது?" என்று என்னிடம் விசாரிக்கும் சகோதரிகள் அதிகம். அம்மாவட்டத்தில் பத்து வருடங்கள் படிப்பித்தவன் அல்லவா!

காட்ட நிறையவே உண்டு. பதுளை நகருக்கு அருகில் 64 மீற்றர் உயரமான துன்ஹிந்த நீர்வீழ்ச்சி. தெமோதரையில் 1921இல் உருக்கில்லாமல் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் கட்டிய ஒன்பது வளைவுப் பாலம். அங்கே ரயில் பாதை மலையைச் சுற்றி வந்து, தெமோதரை நிலையத்துக்குக் கீழாலேயே சுரங்கத்தில் நுழைகிறது. என் இளைய மகள் இதைச் சொன்னபோது நம்பவேயில்லை. 1924இல் பதுளையை எட்டிய அந்த மலையகப் பாதை 2025 நவம்பரில் டித்வா புயலில் பலத்த சேதமடைந்தது.

ரயிலுக்கு முன்பு இங்கே பொதிமாடுகள்தாம். கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் ஏற்றி வந்து, பாக்கு ஏற்றிச் சென்ற தவளக்காரரில் நம்மவர்கள் பலர். 1818 கிளர்ச்சியை அடக்கிய ஆங்கிலேயர் ஊவாவின் வயல்களையும் வீடுகளையும் அழித்தார்கள். பின்னர் கோப்பித் தோட்டங்கள் வந்தன. 1869இல் தோன்றிய இலைநோய் அதை விழுத்த, தேயிலை வந்தது. தேயிலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்றும் அந்த லயன்களில் இருப்பவர்கள்.

கொஸ்லந்தைக்கு அருகில் 220 மீற்றர் உயரத்திலிருந்து தியலுமை விழுகிறது. அங்கே போகும்போதெல்லாம் எனக்கு மீரியபெத்தை நினைவுதான். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, மலை சரிந்து அத்தோட்டத்தின் லயன்களை மூடிவிட்டது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். பாடசாலைக்குப் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள்.

நான்காம் நாள் எங்கள் ஜமாஅத்தில் சேர்த்த உடுப்புகளுடன் நாங்கள் வேனில் போனோம். முகாமில் பத்து வயதுப் பையன் ஒருவன் வெள்ளைச் சீருடையோடு நின்றான். சேறு காய்ந்து சட்டை மஞ்சளித்திருந்தது. "அன்றைக்கு உடுத்திப் போனது சேர், வேறு இல்லை" என்றார் பக்கத்தில் நின்ற அம்மா. பொதிகளை அவிழ்த்தோம். எல்லாம் சாரியும் சாரமும். அவனுக்கு அளவான ஒரு காற்சட்டை கூட இல்லை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. பண்டாரவளைக்குத் திரும்பிப் போய் இரண்டு சோடி வாங்கி வந்து கொடுத்தேன். வாங்கினான், மடித்துப் புத்தகப் பையில் வைத்தான். சீருடையைக் கழற்றவில்லை.

அம்மக்களுக்கு வேறிடத்தில் வீடு கிடைக்க 2016 ஆனது. சென்ற முறை தியலுமையில் நின்றபோது இதை மகளிடம் சொன்னேன். அவள் நீர்வீழ்ச்சியை விட்டுவிட்டு எதிர்மலைச் சரிவைப் பார்த்தாள். அங்கேயும் ஒரு லயன், கூரையில் அடுப்புப் புகை.

"வாப்பா, அவங்களுக்கு யாராவது சொல்லிட்டாங்களா?" என்றாள்.