ரோசாவுக்குப் பிறகு

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றின் மாடி அறையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்தேன். கோச்சி போகும்போது வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். போனபின் விட்ட இடத்தைத் தேட வேண்டும்.

ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் பிள்ளைகளிடம் ஒரு தாள் வாங்குவேன். எங்கே பிழைத்தேன், ஏன் பிழைத்தேன் என்று அவர்களே எழுத வேண்டும், தமிழிலும் எழுதலாம். பெற்றோருக்கு இது நன்றாகப் பிடித்தது. வகுப்புக்குப் பெயரும் வந்தது. அந்தத் தாள்களை நான் வாசித்ததில்லை. சிவப்புப் பேனையால் ஒரு சரி, பக்கத்தில் 'குட்'. நேரமில்லை என்று சொல்லலாம்தான். கிரிக்கெட் பார்க்க நேரம் இருந்தது.

அரசாங்கப் பரீட்சையில் விடைத்தாள் பிள்ளையின் கைக்குத் திரும்பி வராது. இரண்டு வினாத்தாள்களுக்கு விடையெழுதி, 200 சொல்லில் கட்டுரையும் எழுதி, மாதக்கணக்கில் காத்திருந்தால் கிடைப்பது ஓர் எழுத்து. 75 புள்ளியிலிருந்து ஏ, 35க்குக் கீழே டபிள்யூ. ஏன் அந்த எழுத்து என்று அதில் இருக்காது. அதை முன்கூட்டியே சொல்லக்கூடியவர் வகுப்பில் திருத்துகிறவர்தான். அதற்குத்தான் நான் காசு வாங்கினேன்.

அறையைக் காலி செய்தபோது அலுமாரிக்குள் ஒரு கட்டுத் தாள் அகப்பட்டது. தரையில் இருந்து வாசித்தேன். பாதிப் பேர் 'இனிக் கவனமாக எழுதுவேன்' என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அதுதான் வேண்டும் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு பிள்ளை மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தாள்:

"சேர் தந்த கட்டுரையில ரோசாவுக்குப் பிறகு என்ன வரும் எண்டு மறந்துபோச்சு. எங்கட தோட்டத்தைப் பற்றி எழுதியிருந்தா மறந்திருக்காது."

அப்போதுதான் ஞாபகம் வந்தது. 'எங்கள் தோட்டம்' என்று தலைப்புக் கொடுத்திருந்தேன். கொழும்பில் தோட்டம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? பலகைச் சுவரும் தகரக் கூரையுமாக ஒட்டி ஒட்டி நிற்கும் வீடுகள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு பைப். அவள் அதைத்தான் எழுதியிருந்தாள்: விடியப்புறம் வாளி வைத்து இடம் பிடிப்பது, வாளியைத் தள்ளி வைத்ததற்காக இரண்டு வீட்டுக்காரர் பேசாமல் இருப்பது. இறந்தகாலம் நிகழ்காலம் எல்லாம் குழம்பிக் கிடந்தது. ஆனால் அந்த வகுப்பில் யாரும் மனப்பாடம் செய்யாமல் எழுதிய கட்டுரை அது ஒன்றுதான். நான் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன். 'தலைப்புக்குப் பொருத்தமில்லை' என்று எழுதி, ரோசாவும் மல்லிகையும் மாமரமும் உள்ள என் மாதிரிக் கட்டுரையைப் பாடமாக்கச் சொன்னேன். அடுத்த சோதனையில் ரோசாவோடு நின்றுவிட்டாள்.

கோடு இழுத்ததைக்கூட அவசரத்தில் நடந்ததென்று மன்னித்துவிடலாம். எங்கே பிழைத்தது, யாரால் பிழைத்தது என்று அவள் இரண்டே வரியில் சொன்ன பிறகு, அதன் பக்கத்தில் என் கையால் 'குட்' என்று இருக்கிறது. அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பெறுபேறு வந்தபோது அவளுக்கு ஆங்கிலத்தில் எஸ், டபிள்யூவுக்கு ஒரு படி மேல். அன்று போன் எடுத்துச் சொன்னாள். "இன்னும் கொஞ்சம் பாடமாக்கியிருக்கலாம், பிள்ளை" என்றேன்.