திரி தந்த பாடம்

மண் இல்லாமல் செடி வளருமா? வளரும் என்று வகுப்பில் படித்தபோது நானும் தலையாட்டினேன். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் பெற்றேன். ஆனால் அதை வீட்டில் செய்து பார்த்த அன்றுதான், நான் படித்தது எவ்வளவு, படிக்காதது எவ்வளவு என்பது விளங்கிற்று.

எங்கள் ஊர் பனமலை. இராசசிம்ம பல்லவன் எழுப்பிய தாளகிரீசுவரர் கோயில் குன்றின்மேல் நிற்க, கீழே ஏரி விரிந்து கிடக்கும். நந்தன் கால்வாய் வந்து முடியும் ஏரி அது. கடைசிப் பந்திக்கு வரும் பாயசத்தைப் போல, கால்வாய்த் தண்ணீர் வந்தால் உண்டு, இல்லையேல் இல்லை.

வீட்டுத் தோட்டத்தில் என் ஆயா ஒரு சிறு பாத்தி வைத்திருந்தாள். குழாயடியிலிருந்து குடம் சுமந்து வந்து கீரைக்கும் மிளகாய்க்கும் ஊற்றுவாள். சென்ற கோடையில் முழங்கால் வலி அவளைத் திண்ணையில் உட்கார வைத்துவிட்டது. அம்மா விடியுமுன் வேலைக்குச் செல்பவள். நானோ விடுதியில் தங்கிப் படிப்பவன். ஒரு சனிக்கிழமை ஊர் சென்றபோது பாத்தி காய்ந்து கிடந்தது. ஆயா ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம் என்னைச் சுட்டது.

அப்போதுதான் வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்தது. 1860-ஆம் ஆண்டளவில் ஜெர்மானிய அறிஞர் சாக்ஸ், உப்புகள் கரைந்த நீரிலேயே செடியை வளர்த்துக் காட்டினார். கலிபோர்னியாவில் கெரிக் என்பார் பெரிய தொட்டிகளில் பயிர் வளர்த்து, 1937-இல் இம்முறைக்கு ‘ஹைட்ரோபோனிக்ஸ்’ என்று பெயரிட்டார். நம் நாட்டிலும் 1946-இல் ஷோல்டோ டக்ளஸ் என்னும் ஆங்கிலேயர், வங்காளத்துக் காளிம்போங்கில் எளிய பொருள்களைக் கொண்டே இதைச் செய்து காட்டினார். காளிம்போங்கில் முடிந்தது பனமலையில் முடியாதா?

பழைய பெயிண்ட் வாளி ஒன்றைக் கழுவி எடுத்தேன். அதன் வாயில் பொருந்தும்படி ஒரு பிளாஸ்டிக் தொட்டியை வைத்தேன். தொட்டியின் அடியில் துளையிட்டு, கிழிந்த பருத்தி வேட்டியைத் திரித்துத் திரியாக்கி, வாளியின் அடிவரை தொங்கவிட்டேன். தொட்டியில் தேங்காய் நார்த்தூள். வாளியில் லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் 19:19:19 உரம் கரைத்த நீர். மின்சாரமும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். கீரை நாற்றுகளை நட்டுவிட்டுப் பெருமிதத்தோடு விடுதி திரும்பினேன்.

அடுத்த சனிக்கிழமை நாற்றுகள் கருகிக் கிடந்தன. வாளி நீரோ அப்படியே இருந்தது. உரம் போதவில்லை போலும் என்று இருமடங்கு போட்டு மறுபடி நட்டேன். அதுவும் பிழைக்கவில்லை. ஆயா திண்ணையிலிருந்து கேட்டாள்:

“ஏம்பா, காஞ்ச திரிய அகல்ல போட்டு ஏத்துனா நின்னு எரியுமா? எண்ணெயில நனைச்சுத்தானே போடுவோம்?”

பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க. நான் திகைத்துப் போனேன். நுண்புழை ஏற்றம் என்று பக்கம் பக்கமாய் எழுதியவன் நான். நூலிழைகளின் இடைவெளியில்தான் நீர் ஏறுகிறது. திரியும் நார்த்தூளும் முன்பே நனைந்திருந்தால்தான் வாளி நீருக்கும் வேருக்கும் இடையே அறுபடாத பாதை அமையும். இதைத்தான் ஆயா அன்றாடம் மாடத்து அகலில் செய்து வந்தாள்.

இம்முறை திரி இரண்டாயிற்று, இரண்டையும் நனைத்தோம். நார்த்தூளையும் ஈரமாக்கினோம். உரத்தைப் பழைய அளவுக்கே குறைத்தேன். இலைகள் வெளிவிட்ட அளவுக்கு நீர் மேலேறியது. நான்கு வாரத்தில் சிறுகீரை பறிக்கும் பதத்தில் நின்றது!

நான் மகிழ்ந்தேன், ஆயா மகிழவில்லை. “நான் ஊத்தாமலே வளருது. இனிமே நான் எதுக்குப்பா?” என்றாள்.

இதற்கு எந்தப் பாடநூலிலும் விடை இல்லை. வாளியின் உள்ளே ஒரு குச்சியை விட்டு எடுத்துக் காட்டினேன். நீர் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. “திரி தண்ணியத் தூக்கும் ஆயா, வாளிய ரொப்பாது. பருத்தித் திரி நாளானா மக்கிப் போகும். புதுத்திரி யார் திரிக்கிறது?” என்றேன். அவள் குச்சியை வாங்கி, ஈரம் ஏறிய அளவை விரலால் தடவிப் பார்த்தாள்.

இப்போது எங்கள் வீட்டில் நான்கு வாளிகள். ஆயா உட்கார்ந்தபடியே குச்சியால் அளந்து, சொம்பால் உரநீர் வார்க்கிறாள். விளக்குக்குத் திரிக்கும்போதே செடிக்கும் சேர்த்துத் திரித்து வைக்கிறாள்.

நண்பர்களே, ஏட்டறிவும் காய்ந்த திரி போன்றதே. வீட்டுப் பெரியவர்களின் அனுபவத்தில் ஒருமுறை நனைத்து எடுத்தால்தான் அது நீரை ஏற்றும்.