அத்தாவின் செவிகள்

கொல்லிமலைக்கு வருவோரில் பெரும்பாலோர் எழுபது கொண்டை ஊசி வளைவுகளை எண்ணியபடி மேலேறி, ஆகாயகங்கை அருவியைக் கண்டு திரும்பிவிடுகின்றனர். அடிவாரத்திலுள்ள எங்கள் பேளுக்குறிச்சியில் இறங்குவோர், மிளகும் கடுகும் வாங்கச் சந்தைக்கு வருகிறவர்களே. பறவைகளைப் பார்ப்பதற்கென்று ஒருவர் இங்கு வந்து தங்கியதை நான் கண்டதில்லை. வந்தால் ஏமாற மாட்டார்கள். வயலும் பனையும் ஓரிடம். அதையடுத்து முட்புதர்க் கரடு. அதன்மேல் மலைச்சரிவுக் காடு. ஆயிரம் மீட்டருக்கு மேலே காப்பித் தோட்டங்களும் சோலைகளும். சில மைல்களுக்குள் இத்தனை இருப்பிடங்கள்! ஆகவே இங்கே ஒரு பறவையை இன்னதென்று அறிய, அது எங்கே அமர்ந்திருக்கிறது என்பதையே முதலில் கேட்க வேண்டும்.

இதை எனக்குக் கற்பித்தவர்கள் என் அத்தா. மிளகு வாங்குவதற்காக நாற்பதாண்டுகள் மலையேறி இறங்கியவர்கள். கண் நீர் அழுத்த நோய் அவர்களுடைய பார்வையை முழுவதுமாகப் பறித்துவிட்டது. இப்போது திண்ணையில் அமர்ந்து கேட்கிறார்கள். நான் பார்க்கிறேன்.

பறவையியல் அறிஞர் சாலிம் அலியைப் பற்றி நம் இல்லங்களில் பலர் அறிந்திருப்பர். 1908இல், சிறுவனாக இருந்தபோது, தாம் சுட்டு வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டைக் கண்டார். இதை உண்ணலாமா என்ற ஐயத்துடன் மாமா அமீருத்தீன் தய்யப்ஜியிடம் கொண்டு சென்றார். அவர் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் மில்லார்டிடம் அனுப்பி வைத்தார். ஹலாலா என்ற கேள்வியில் தொடங்கியது ஒரு வாழ்நாள் கல்வியாயிற்று! 1941இல் வெளிவந்த அவரது நூல், புதிய பறவையைத் தெரிந்த பறவையோடு ஒப்பிடச் சொல்கிறது: குருவியளவா, மைனாவளவா, காக்கையளவா? எளிய முறைதான், ஆயினும் இன்றுவரை இதைவிடச் சிறந்ததை நான் அறியேன்.

கண் மட்டும் போதாது என்பதற்கு அக்காக்குயில் சான்று. சாம்பல் நிற முதுகும் பட்டை போட்ட வாலுமாக அது வல்லூறைப் போலவே தோன்றும். பறப்பதும் அப்படியே. சிறு குருவிகள்கூட அஞ்சிச் சிதறும். சென்ற கோடையில் எங்கள் புளியமரத்தில் ஒன்று வந்தமர்ந்தது. கையில் நூலுடன் நான் அலகை உற்று நோக்கிக் கொண்டிருக்கையில் அது கூவத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும் குரல் ஒரு படி உயர்ந்து, உச்சியில் சட்டென நின்றது. அத்தா சிரித்தார்கள். "வல்லூறு இப்படி அக்காளைக் கூப்பிடுமா?" என்றார்கள்.

ஐப்பசி வாக்கில் அவர்கள் காத்திருப்பது ஆறுமணிக் குருவிக்காக. மைனாவைவிடச் சற்றுச் சிறியது, குட்டை வால். பச்சை முதுகு, நீலத் தோள், செந்நிற அடிவயிறு, கண்ணின் குறுக்கே கருங்கோடு. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிறது. இத்தனை வண்ணமிருந்தும் புதர் நிழலில் சருகைக் கிளறுவதால் எளிதில் கண்ணில் படாது. விடியலிலும் அந்தியிலும் ஈரசைச் சீழ்க்கை எழுப்பும்போதே அது வந்திருப்பது தெரியும். பஜ்ரு தொழுகை முடிந்ததும் அத்தா வேலிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

குரலைக் கேட்டே பறவையின் பெயரைச் சொல்லும் மெர்லின் என்னும் செயலி இப்போது கைப்பேசியில் உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தினர் உருவாக்கியது. என் மகன் அதைத் தன் பாட்டனாருடன் போட்டிக்கு விடுகிறான். பெரும்பாலும் இருவர் விடையும் ஒத்துப்போகின்றன. தமிழ்ப் பெயர் அத்தாவிடம் மட்டுமே கிடைக்கிறது. அதையெல்லாம் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வருகிறேன்.

ஒரு குரல் மட்டும் மிஞ்சியிருக்கிறது. மழைக்குப் பிந்திய இரவுகளில் கரட்டுப் பக்கமிருந்து வரும் ஆழ்ந்த, ஒற்றை ஒலி. செயலி வாய் திறக்கவில்லை. சோளக்காட்டில் மிளகு தந்த பெரியவர் ஒருவர் அதற்கொரு பெயர் சொன்னாராம். அவர் காலமாகிவிட்டார், பெயர் அத்தாவுக்கு நினைவில்லை. "நாக்கு நுனியில் நிற்கிறது" என்று இரண்டு மாதமாகச் சொல்லிவருகிறார்கள். ஒலியைக் கைப்பேசியில் பதிந்து வைத்திருக்கிறேன். அடுத்த சந்தையில், மலையிலிருந்து இறங்கி வரும் முதியவர்களிடம் அதைப் போட்டுக் காட்டிக் கேட்கப் போகிறோம். அத்தாவும் உடன் வருகிறார்கள்.