மழை வந்தால் கதவு ஏன் இறுகுகிறது? டேராடூனில் மரத்துக்கு ஒரு முதுகலைப் படிப்பு!

மழைக்காலம் வந்தால் சில வீடுகளில் வாசல் கதவைச் சாத்த முடியாது. ஆசாரி வந்து ஓரத்தை இழைத்துக் கொடுப்பார். கோடையில் அதே கதவில் இடைவெளி தெரியும். 'மரம் சரியில்லை' என்று கடைக்காரரைத் திட்டுவோம். தப்பு மரத்திலா, அதைக் காயவைத்த விதத்திலா?

இப்படிப்பட்ட கேள்விகளையே இரண்டு வருடப் படிப்பாக வைத்திருக்கிறது, உத்தரகாண்ட் மாநிலம் டேராடூனில் உள்ள வன ஆராய்ச்சி நிறுவனம்.

நகரின் மணிக்கூண்டிலிருந்து சக்ராதா சாலையில் சில கிலோமீட்டர் போனால், சுமார் 450 ஹெக்டேரில் விரிகிறது வளாகம். நிறுவனம் தொடங்கியது 1906-ல். நடுவில் நிற்கும் பிரமாண்டமான செங்கல் கட்டடத்தை 1929-ல் வைஸ்ராய் இர்வின் பிரபு திறந்து வைத்தார். 'ஸ்டூடன்ட் ஆஃப் தி இயர்' இந்திப் படத்தில் வரும் கல்லூரி இதுதான். 1991-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகவும் ஆனது. அறிவியல், வனவியல் பட்டதாரிகள் நுழைவுத்தேர்வு எழுதி எம்.எஸ்சி. மர அறிவியல் மற்றும் தொழில்நுட்பம் படிக்க வருகிறார்கள்.

கட்டைதான் கேள்வித்தாள்

இங்குள்ள மர அருங்காட்சியகத்தில் எல்லோரும் நின்று பார்ப்பது, 704 வயது தேவதாரு மரத்தின் குறுக்கு வெட்டு. சுற்றுலா வருபவர்கள் வளையங்களோடு செல்ஃபி எடுப்பார்கள். மர அறிவியல் மாணவர்களுக்கு அந்த வளையங்கள்தான் அரிச்சுவடி.

ஒரு துண்டுக் கட்டை. அது என்ன மரம்? நிறத்தை நம்ப முடியாது, சாயம் பூசியிருக்கலாம். முனையைக் கூரிய கத்தியால் சீவி, 10 மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸில் பார்க்க வேண்டும். தேக்கு என்றால் வளையத்தின் தொடக்கத்தில் பெரிய துளைகள் வரிசையாக இருக்கும். பைன் மாதிரி ஊசியிலை மரங்களில் அந்தத் துளைகளே இருக்காது. சந்தேகம் தீரவில்லையா? மெல்லிய சீவலை மைக்ரோஸ்கோப்பில் வைத்து, அடையாளம் உறுதியான மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். தேக்கு விலை கொடுத்து வேறு மரம் வாங்கி ஏமாந்தவருக்கும், கடத்தல் கட்டையைப் பிடித்த வனத்துறைக்கும் விடை சொல்வது இந்த முறைதான்.

அடுத்தது ஈரம். கட்டையை எடை போட்டு, 103 டிகிரி செல்சியஸ் அடுப்பில் எடை குறைவது நிற்கும்வரை காயவைக்கிறார்கள். 120 கிராம் கட்டை 100 கிராமில் நின்றால் ஈரப்பதம் 20 சதவிகிதம். மரம் ஈரத்தை இழுத்தால் அகலத்தில் உப்பும், நீளத்தில் அநேகமாக மாறாது. கதவு பக்கவாட்டில் இறுகுவதன் ரகசியம் இதுதான். அந்த ஊரின் காற்றுக்கு ஏற்ற ஈரத்துக்கு முதலிலேயே காயவைத்திருந்தால், இந்தத் தொல்லை பெருமளவு குறைந்திருக்கும்.

விடையே கேள்வியானபோது...

கரையானையும் பூஞ்சையையும் தடுக்க, செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்தை 1933-ல் கண்டுபிடித்தவர், இதே நிறுவனத்தில் பணியாற்றிய சொந்தி காமேசம். மின்கம்பங்கள் முதல் வேலிகள் வரை உலகமெங்கும் அது பரவியது. மரம் பல வருடங்கள் கூடுதலாக உழைத்தது, அதனால் வெட்டுவதும் குறைந்தது. ஆனால், ஆர்சனிக் விஷமாயிற்றே! குழந்தைகள் தொட்டு விளையாடும் மரத்தில் அது இருக்கலாமா என்ற கேள்வி எழுந்தது. 2003-ம் ஆண்டு முடிவோடு, அமெரிக்காவில் பெரும்பாலான வீட்டு உபயோகங்களுக்கு அந்த மருந்தைப் போடுவதை நிறுத்தினார்கள்.

மரத்தையும் காக்க வேண்டும், மனிதரையும் பாதிக்கக் கூடாது. இன்றைய மாணவர்கள் முன்னால் இருக்கும் கணக்கு இது.

டேராடூன் போனால் அருங்காட்சியகத்துக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். அடுத்த முறை மரக்கடைக்குப் போகும்போது, பளபளக்கும் பக்கத்தை மட்டும் பார்க்காமல் வெட்டிய முனையையும் பாருங்கள். 'எவ்வளவு காய்ந்திருக்கிறது?' என்றும் கேளுங்கள்.