டீனாவுக்கு அடுத்த பாகம் இல்லை

2019 தீபாவளிக்கு ‘கைதி’ வந்தபோது அதன் பெருமையாகப் பலரும் சொன்னது இதுதான்: படத்தில் பாட்டு இல்லை, கதாநாயகி இல்லை. பத்தாண்டு சிறையிலிருந்து வெளியே வந்த டில்லி, மயங்கிக் கிடக்கும் போலீஸ் அதிகாரிகளை ஒரு லாரியில் ஏற்றிக்கொண்டு, வழிமறிக்கும் போதைப்பொருள் கும்பலை அடித்து நொறுக்கியபடி இரவெல்லாம் ஓட்டுகிறான். நாமக்கல்லில் இப்படி ஒரு படம் ஓடாமல் இருக்குமா? இங்கே லாரிக்கு பாடி கட்டுகிறவர்கள், முட்டை லோடு ஏற்றுகிறவர்கள், வடக்கே லைனுக்குப் போகிறவர்கள் என்று தெருவுக்குத் தெரு ஆட்கள். லாரி ஓட்டுகிறவனைக் கதாநாயகனாகப் பார்ப்பதில் எங்கள் ஊருக்குத் தனி சந்தோஷம்.

அந்தப் படத்தை டிவியில் பார்த்து முடித்த என் அம்மா கேட்டது ஒரே கேள்வி. “ஏங் கண்ணு, அந்தப் புள்ளய பத்து வருசமா ஆரு பாத்தா?”

டில்லியின் மகள் அமுதா ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்கிறாள். அப்பாவின் முகத்தை அவள் பார்த்ததில்லை. அம்மா உயிரோடு இல்லை. அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் யார், தலை சீவிவிட்டவர் யார் என்பதெல்லாம் கதைக்கு வெளியே நிற்கிறது. அம்மாவுக்குத் தோன்றிய கேள்வி விமர்சனம் எழுதியவர்களில் எத்தனை பேருக்குத் தோன்றியதோ!

அம்மாவுக்கு அது தோன்றக் காரணம் உண்டு. நான் ஆறாம் வகுப்பு படித்த வருடம், வெளிமாநிலத்தில் ஒரு விபத்து வழக்கில் அப்பா மாட்டிக்கொண்டார். பதினோரு மாதம் ஊர் திரும்பவில்லை. வண்டியும் அங்கேயே நின்றது. ஆனால் வண்டி மேல் வாங்கிய கடனுக்கு மாதத் தவணை நிற்கவில்லை. கடன் கொடுத்தவரின் ஆட்கள் இரண்டு பைக்கில் வருவார்கள். யாரும் கத்த மாட்டார்கள். வண்டியை அணைக்காமல் வாசலில் உறும விட்டபடி உட்கார்ந்திருப்பார்கள். அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா எங்களை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, வெளியே போய்த் திண்ணையில் உட்காருவாள். கையில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கும். என்றைக்கு எவ்வளவு கொடுத்தாள், யார் வாங்கிப் போனார்கள் என்று தேதிவாரியாக அதில் எழுதி வைத்திருப்பாள். பகலில் விசைத்தறிப் பட்டறை, இரவில் அந்த நோட்டு. அப்பா வந்து சேர்ந்தபோது சொந்தக்காரர்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து ஜெயில் கதை கேட்டார்கள். அம்மா எல்லோருக்கும் காபி போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பதினோரு மாதக் கதையை அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை.

‘கைதி’ தனிப்படமாக நிற்கவில்லை. 2022இல் ‘விக்ரம்’, 2023இல் ‘லியோ’ என்று லோகேஷ் கனகராஜ் அதை ஒரு தொடர் உலகமாக வளர்த்தார். ‘கைதி’யின் ரவுடிகள் அன்பும் அடைக்கலமும் ‘விக்ரம்’ கடைசியில் ரோலக்ஸ் முன்னால் வந்து நிற்கிறார்கள். கமிஷனர் அலுவலகத்தைக் காப்பாற்றிய கான்ஸ்டபிள் நெப்போலியன் ‘லியோ’வில் வருகிறார். சில நிமிடமே தோன்றிய ரோலக்ஸுக்குத் தனிப்படம் பற்றி இயக்குநரே பேசியிருக்கிறார். லோகேஷின் கதையில், பாக்கியராஜ் கண்ணன் இயக்கத்தில் ‘பென்ஸ்’ என்ற கிளைப்படமும் அறிவிக்கப்பட்டது. ஆண் என்றால் ரவுடிக்கும் முன்கதை உண்டு, பின்கதை உண்டு.

பெண்களுக்கு? ‘விக்ரம்’ படத்தில் அமரின் மனைவி காயத்ரிக்குக் கணவன் என்ன வேலை செய்கிறான் என்பதே தெரியாது. அந்த வேலைக்காக அவள் கொல்லப்படுகிறாள். அவள் சாவு, அமருக்கு ஆத்திரம் வருவதற்கான காரணம். 1986இல் வந்த பழைய ‘விக்ரம்’ படத்திலும் நாயகனின் மனைவியாக வந்த அம்பிகாவைத் தொடக்கத்திலேயே கொன்றுவிடுவார்கள். முப்பத்தாறு வருடத்தில் துப்பாக்கிகள் மாறின, இது மாறவில்லை. ‘லியோ’வில் எலிசாவுக்குச் சொந்தத் தகப்பனே நரபலி குறிக்கிறான். தன் கணவன் உண்மையில் யார் என்ற கேள்வியோடு சத்யா படம் நெடுக அலைகிறாள். இவர்கள் இல்லாமல் கதை நகராது. ஆனால் கதை இவர்களுடையதாக ஆவதே இல்லை.

இந்த வழக்கத்துக்கு எங்கள் பக்கத்திலேயே பழைய வேர் இருக்கிறது. திருச்செங்கோட்டுக்காரரான டி. ஆர். சுந்தரம் 1935இல் சேலத்தில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ், அறுபதுகளின் நடுவிலிருந்து ஜெய்சங்கரை வைத்து ‘வல்லவன் ஒருவன்’, ‘இரு வல்லவர்கள்’ எனத் துப்பறியும் படங்களாக எடுத்துத் தள்ளியது. இன்று ஏற்காடு சாலையில் மிஞ்சியிருப்பது அதன் நுழைவு வளைவுதான். அந்த வரிசையில் 1970இல் வந்தது ‘சி.ஐ.டி. சங்கர்’. சங்கராக நடித்தவர் ஜெய்சங்கர். ஆனால் சி.ஐ.டி. என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது அதில் நடித்த சேலத்துப் பெண் ஏ. சகுந்தலாவோடு. 2024 செப்டம்பரில் அவர் இறந்தபோதும் செய்திகள் ‘சி.ஐ.டி. சகுந்தலா’ என்றுதான் எழுதின. ஐம்பது வருடத்துக்கு மேல் அந்தப் பட்டத்தைச் சுமந்தவருக்கு அதிகம் கிடைத்தவை கவர்ச்சி நடனங்களும் வில்லி வேடங்களும். சி.ஐ.டி. சகுந்தலா துப்பறியும் ஒரு படத்தை எடுக்க வேண்டும் என்று அந்த உலகத்துக்குத் தோன்றவில்லை.

‘விக்ரம்’ படத்தை அம்மாவோடு தியேட்டரில் பார்த்தேன். வீட்டு வேலைக்காரியாக இருந்த நடுத்தர வயதுப் பெண், கும்பல் உள்ளே நுழைந்ததும் ஏஜெண்ட் டீனாவாக மாறி, கைக்குக் கிடைத்த சாமானை எல்லாம் ஆயுதமாக்கிச் சண்டை போடுகிறாள். பல வருடம் குழு நடனங்களில் ஆடிய வசந்தி அந்த வேடத்தைச் செய்திருந்தார். தியேட்டரே எழுந்து விசிலடித்தது. அம்மா நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். அன்றைக்கு வாசலில் பைக் நின்றபோது திண்ணையில் உட்கார்ந்திருந்த அதே முதுகு. சில நிமிடங்களில் டீனா செத்துப் போனாள். “இவளயும் கொன்னுட்டானுங்களா” என்று அம்மா பின்னால் சாய்ந்தாள்.

இந்தப் படங்களைப் பார்க்காதீர்கள் என்று என் மாணவிகளிடம் நான் சொல்வதில்லை. நானும் விசிலடிக்கிறவள்தான். டீனா அந்தச் சில நிமிடங்களில் காட்டியது, அவளை வைத்து ஒரு முழுப்படம் ஓடும் என்பதை. மிச்சமிருப்பது எழுதுகிறவர்களின் மனம். அதனால் போன பருவத்தில் வகுப்பில் ஒரு வேலை கொடுத்தேன்: இந்தப் படங்களிலிருந்து ஒரு பெண்ணை எடுத்துக்கொண்டு அவளுடைய கிளைக்கதையை எழுதுங்கள்.

பாதிப்பேர் டீனாவை உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். ஒருத்தி, அமுதாவுக்குச் சடை பின்னிவிடும் ஆயாவைப் பற்றி எழுதினாள். ராசிபுரம் பக்கத்துப் பெண் ஒருத்தி காயத்ரியை எடுத்துக்கொண்டாள். அவள் கதையில், கணவனின் வேலை என்னவென்று காயத்ரி கண்டுபிடிக்கிறாள். மறுநாள் காலை அவன் எதிரில் உட்கார்ந்து, “எனக்கு எல்லாம் தெரியும், இப்ப நீங்களா சொல்லுங்க” என்கிறாள். யாரும் சாகவில்லை. மூன்று பக்கமும் அந்த ஒரு காலைப் பேச்சுதான். வகுப்பில் அதை அவள் வாசித்து முடித்தபோது கடைசி பெஞ்சிலிருந்து கேட்டார்கள், “அப்பறம் என்னாச்சு?”