இவருக்குப் பதில் இவர்!

"நான்லாம் சீரியலே பாக்க மாட்டேன் மச்சி"ன்னு சொல்ற ஆளா நீங்க? சும்மா அடிச்சு விடாதீங்க. கையில தோசைத் தட்டு, கண்ணு செல்போன்ல, காது டி.வி.யில... அப்படித்தானே? யாருக்கு யார் மாமியார், யார் வயித்துல யார் குழந்தைன்னு எல்லாமே நமக்குத் தெரியும். ஒத்துக்க மட்டும் மாட்டோம்.

நான் ஒத்துக்கிறேன். நமக்கு ஊரு வையம்பட்டி. தினமும் மணப்பாறை வழியா பஸ்ல தொங்கி திருச்சிக்கு வந்து பி.காம். மூணாவது வருஷம் படிக்கிறேன். பையன் சீரியல் பாக்கிறானான்னு கேன்டீன்ல ஓட்டத்தான் செய்யறாங்க. ஆனா நான் பாக்கிறது கதையை இல்லீங்க. கதைக்கு நடுவுல கீழே ஓடுமே ஒரு வரி, "இனி இவருக்குப் பதில் இவர்", அதைத்தான்.

உலகத்துலேயே தைரியமான வரி அதுதான்னு நினைக்கிறேன். நேத்து வரைக்கும் ஒரு முகம். இன்னைக்கு வேற முகம். அதே புடவை, அதே தாலி, அதே புருஷன். புருஷனும் ஒண்ணும் நடக்காத மாதிரி "காபி குடும்மா"ங்கிறார். சினிமாவுல இப்படிப் பண்ணா ஸ்கிரீனைக் கிழிச்சிருவோம். சீரியல்ல மட்டும் இரண்டே நாள் புலம்பிட்டு மூணாவது நாள் பழகிடறோம்.

எப்படியெல்லாம் ஆளை மாத்துவாங்கன்னு ஒரு லிஸ்ட்டே போடலாம். வெளிநாட்டுக்கு அனுப்புவாங்க. ஆக்ஸிடென்ட் பண்ணி கோமாவுல படுக்க வைப்பாங்க. போட்டோவுக்கு மாலை போட்டுருவாங்க. எதுவுமே முடியலைன்னா அந்த ஒரு வரி. 2018-ல 'நாயகி' ஆரம்பிச்ச கொஞ்ச மாசத்துலேயே ஆனந்தியா இருந்த விஜயலட்சுமி போய் வித்யா பிரதீப் வந்தாங்க. சீரியல் பேரே நாயகி, அதுல நாயகியே மாறிட்டாங்க! கையில பையோட நடந்துக்கிட்டே இருந்த 'பாரதி கண்ணம்மா' மீம் ஞாபகம் இருக்கா? அந்தக் கண்ணம்மா ரோஷினி ஹரிப்ரியன். 2021-ல அவங்க விலகினப்போ வினுஷா தேவி வந்தாங்க. நடை மட்டும் நிக்கல.

இது நம்ம ஊரு வியாதி மட்டும் இல்ல. 'க்யூங்கி சாஸ் பீ கபி பஹூ தீ'ன்னு 2000-ல ஆரம்பிச்ச இந்தி சீரியல்ல மிஹிர்ங்கிற ஒரே ஆளா மூணு பேர் நடிச்சாங்க. முதல்ல அமர் உபாத்யாய், அப்புறம் இந்தர் குமார், அப்புறம் ரோனித் ராய். கதையில மிஹிர் செத்ததா காட்டினப்போ வடநாட்டு வீடுகள்ல ஒப்பாரியே வெச்சிருக்காங்க. 2025-ல அதே சீரியலை மறுபடி ஆரம்பிச்சப்போ மிஹிரா வந்தது யாரு தெரியுமா? முதல் ஆள் அமர் உபாத்யாய்! அமெரிக்காவுல 'டல்லாஸ்'னு ஒண்ணு. செத்துப்போன பாபியை 1986-ல குளியலறையிலிருந்து உயிரோட வரவெச்சு, முந்தின ஒரு சீசன் முழுக்க முன்னாள் மனைவி கண்ட கனவுன்னு சொல்லிட்டாங்க. அதுக்கு நம்ம ஒரு வரி எவ்வளவோ நேர்மை.

ஏன் மாத்துறாங்க? சினிமா சான்ஸ் வரும். வேற சேனல்ல ரியாலிட்டி ஷோ வரும். கல்யாணம், குழந்தை. சம்பளத் தகராறு. வாரத்துல அஞ்சாறு நாள் எபிசோட் போயாகணும், ஷூட்டிங் ஒரு நாள் நின்னாலும் யூனிட்டுக்கே நஷ்டம். அதனால ஆளுக்காகக் கதை காத்திருக்காது. 2020 லாக்டவுன்ல ஷூட்டிங் மொத்தமா நின்னு, திரும்ப ஆரம்பிச்சப்போ பாதி சீரியல்ல பழைய ஆட்களைக் காணோம். அந்த வருஷம் ஜனவரியிலதான் 'சித்தி 2' ஆரம்பிச்சிருந்தது. லாக்டவுன் முடிஞ்சு பார்த்தா பொன்வண்ணன் இடத்துல நிழல்கள் ரவி. அதாவது பரவாயில்லை. 2021 பிப்ரவரியில ராதிகாவே விலகிட்டாங்க. சித்தி போயாச்சு, 'சித்தி 2' ஓடிக்கிட்டே இருக்கு! இதைவிட பெரிய காமெடி தமிழ் டி.வி. வரலாற்றிலேயே கிடையாதுன்னு நான் சிரிச்ச சிரிப்பு இருக்கே... எங்க வீட்ல வேற யாரும் சிரிக்கல.

காரணம் இருக்கு.

நான் எட்டாவது படிக்கும்போது எங்க அம்மா இறந்துட்டாங்க. 2020 பிப்ரவரியில, கொரோனாவுக்கு ஒரு மாசம் முன்னாடி, அப்பா இன்னொரு கல்யாணம் பண்ணிக்கிட்டார். கோயில்ல வெச்சு சிம்பிளா. எண்ணி முப்பது பேர். சாப்பாட்டுப் பந்தியில ஒரு சொந்தக்காரப் பையன் என் காதுல வந்து சொன்னான்: "இனி இவருக்குப் பதில் இவர்... டொய்ங்!" அவன் காமெடியாத்தான் சொன்னான். எனக்கு அந்த ரசம் இன்னமும் தொண்டையில நிக்குது.

அடுத்த மாசமே லாக்டவுன். எங்கேயும் ஓட முடியாது. வீட்ல நான், அப்பா, அப்பாயி, புதுசா வந்த சித்தி. சன் டி.வி.யில 'மெட்டி ஒலி'யைத் திரும்பப் போட்டாங்க. 2002-ல ஆரம்பிச்ச சீரியல். நான் பொறக்கறதுக்கு முன்னாடி அம்மா விடாம பார்த்ததாம். அதைப் பார்க்கிறதுக்காகவே தினமும் சித்தி அடுப்பை அணைச்சுட்டு வருவாங்க. சோபாவுல உக்கார மாட்டாங்க. தூண் பக்கத்துல தரையில. அது அம்மா உக்காருற சோபான்னு யாரும் அவங்ககிட்ட சொன்னதில்லை. எப்படித் தெரிஞ்சதுன்னு தெரியல.

எங்க அப்பாயிக்குக் கண்புரை. சீரியலை அவங்க பாக்கிறதில்லை, கட்டில்ல படுத்துக் கேக்கறாங்க. இதுல ஒரு விசேஷம் கவனிச்சேன். நம்ம சீரியல் ஹீரோயின்கள் நிறைய பேருக்கு வேற ஒருத்தர்தான் டப்பிங் குரல் கொடுக்கிறாங்க. முகம் மாறினாலும் சில சமயம் குரல் மாறாது. அப்போ அப்பாயிக்கு ஆள் மாறினதே தெரியாது! நாங்க எல்லாரும் "ஐயோ புதுசு"ன்னு கத்திக்கிட்டு இருப்போம், அவங்க மட்டும் அமைதியா வெத்தலை மெல்லுவாங்க. குரல் போனாத்தான் அவங்களுக்கு ஆள் போன மாதிரி.

அப்படித்தான் 'எதிர்நீச்சல்' குணசேகரன் போனது. மாரிமுத்து. தேனி பக்கத்து ஆள். 'கண்ணும் கண்ணும்', 'புலிவால்'னு படமெல்லாம் டைரக்ட் பண்ணவர். அந்த வில்லனுக்கு உயிரே அவர் குரல்தான். 2023 செப்டம்பர் 8, அதே சீரியலுக்கு டப்பிங் பேசிக்கிட்டு இருக்கும்போதே நெஞ்சுவலி வந்து இறந்துட்டார். சில வாரம் குணசேகரன் வீட்லயே இல்லைன்னு கதையை ஓட்டினாங்க. பிறகு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி வந்தார். 'குற்றப் பரம்பரை' எழுதியவர், சாதாரண ஆளா? ஆனா அப்பாயி முதல் நாளே சொல்லிட்டாங்க: "இது அவன் இல்லை. சத்தம் வேற."

இதே அப்பாயி எங்க சித்தியை எங்க அம்மா பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவாங்க. வேணும்னே இல்லை. பதினாறு வருஷப் பழக்கம், நாக்கு மாறல. நான் ஒவ்வொரு தடவையும் சித்தி முகத்தைப் பார்ப்பேன். "இந்தா வர்றேன் அத்தை"ன்னு போவாங்க. ஒரு தடவைகூடத் திருத்தினதில்லை.

அந்த வருஷக் கடைசியிலதான் 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' முல்லை. 2020 டிசம்பர் 9. வி.ஜே. சித்ரா இறந்த செய்தி வந்த அன்னைக்கு எங்க தெருவுல பாதி வீட்ல சரியா சமைக்கல. இருபத்தெட்டு வயசு. கதிர் - முல்லை ஜோடிக்கு இருந்த கிரேஸ் உங்களுக்கே தெரியும். கொஞ்ச நாள்லேயே காவ்யா அறிவுமணி முல்லையா வந்தாங்க. அவங்க வந்த முதல் எபிசோட். பக்கத்து வீட்டு அக்காங்க எங்க வீட்லதான் உக்காந்து பார்த்தாங்க. ஆளாளுக்கு ஒரு குறை. "சிரிப்பே சரியில்லை." "அந்தப் பொண்ணு மாதிரி வருமா?" "மூஞ்சியைப் பாரு!"

தூண் ஓரத்துலேர்ந்து சித்தி வாயைத் திறந்தாங்க. "பாவம்க்கா. அந்தப் பொண்ணு என்ன பண்ணும்? செத்துப் போனவங்க புடவையைக் கட்டிக்கிட்டு, அவங்க புருஷனா நடிச்ச ஆள் முன்னாடி போய் நிக்கணும். செட்ல இருக்கிற அத்தனை பேரும் அழுத கண்ணோட பார்த்திருப்பாங்க. அதுக்கும் மேல சிரிக்க வேற சொல்லியிருப்பாங்க."

ஹால்ல சத்தமே இல்லை. அக்காங்க ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டாங்க. நான் டி.வி.யையே பார்த்துக்கிட்டு இருந்தேன்.

அப்புறம் காவ்யாவும் 2022-ல விலகி லாவண்யா வந்தாங்க. மூணாவது முல்லை. அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்லல. 2023 அக்டோபர்ல சீரியல் முடிஞ்சு உடனே இரண்டாம் பாகம். அதுல மூர்த்தி அண்ணனா நடிச்ச ஸ்டாலின் முத்து இப்போ அப்பா பாண்டியன். ஹேமா மட்டும் அதுலயும் மீனா, இதுலயும் மீனா! அப்பாயிக்குத் தலையே சுத்திருச்சு. "அவன் தம்பிங்கள்லாம் எங்கடா போனானுங்க?"ன்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க.

போன செமஸ்டர்ல எங்க டிபார்ட்மென்ட்ல பேரன்ட்ஸ் மீட்டிங். அட்டெண்டன்ஸ் கம்மி, வேற வழியில்லை. அப்பாவுக்கு வேலை, சித்திதான் வந்தாங்க. கையெழுத்து வாங்கும்போது மேடம் கேட்டாங்க, "அம்மாவா?" நான் "ஆமா மேடம்"னேன். சித்தி ஒண்ணும் பேசாம கையெழுத்துப் போட்டாங்க, அவங்க பேரைத் தெளிவா, ஒவ்வொரு எழுத்தா.

திரும்பி வர்றப்போ பஸ்ல கேட்டாங்க. "ஏன்டா அப்படிச் சொன்ன? சித்தின்னே சொல்லியிருக்கலாம்ல?"

"ஏன், புடிக்கலையா?"

"அது அக்கா பேருடா. அப்பாயி கூப்பிட்டா கூப்பிடட்டும், கண்ணு தெரியாதவங்க. நீ பாக்கிறேல்ல."

மணப்பாறையில பஸ் நின்னுச்சு. முறுக்கு விக்கிற பையன் ஜன்னல்கிட்ட வந்தான். சித்தி இரண்டு பாக்கெட் வாங்கினாங்க, ஒண்ணு அப்பாயிக்கு, நல்லா நுணுக்கிக் கொடுக்கணும். அப்புறம் என் செல்போனை வாங்கி, முந்தின நாள் விட்டுப்போன எபிசோடைப் போடச் சொன்னாங்க. ஹெட்போன்ல ஒண்ணு அவங்க காதுல, ஒண்ணு என் காதுல. கீழே ஒரு வரி ஓடுச்சு. சன்னல் வெயில்ல சரியா தெரியல.

"யாருடா மாறினது?"ன்னாங்க.

"இருங்க சித்தி, பாக்கிறேன்"னு ஸ்கிரீனைக் கையால மறைச்சுப் பிடிச்சேன்.